பணியில் சேர்ந்த தேதி

"கோர்ட்டுக்கே போவாத வக்கீலு இன்னா வக்கீலு?" எங்கள் தெருவில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. குடியாத்தத்தில் வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் கேஸ் கட்டு, காலை பத்து மணிக்குக் கோர்ட்டு வாசல். நான் பதினான்கு வருடமாகச் சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இருக்கிறேன். கம்பெனிகளை வாங்குவது, விற்பது, இரண்டை ஒன்றாக இணைப்பது, அதற்கு வங்கிகள் கொடுக்கும் கடனுக்கு ஆவணம் தயாரிப்பது, இவைதான் என் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு நீதிபதி முன்னால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை.

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, மட்டும் இதை நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரைத் தாழ்வாரத்தில் முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதியவர் அவர். நான் வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் பத்திரம்தான் எழுதற. நான் வூட்டுக்கும் நெலத்துக்கும் எழுதனேன், நீ கம்பெனிக்கு எழுதற. வில்லங்கம் பாத்துட்டு எழுது" என்றார்.

வில்லங்கம் பார்ப்பதில் நைனாவுக்கென்று ஒரு முறை உண்டு. சான்றிதழில் 'வில்லங்கம் இல்லை' என்று வந்துவிட்டால் மற்றவர்கள் கிரயத்தை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலத்துக்கே போவார். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியை, அதாவது எல்லை விவரத்தை, கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையும் நடப்பார். கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி, அதாவது கிழக்கு மேற்கும் தெற்கு வடக்கும் எத்தனை அடி என்பது சரியா, வடக்கே இருப்பதாக எழுதியிருக்கும் வாய்க்கால் இன்னும் வடக்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து நிலத்துக்காரரோடு உட்கார்ந்து பேசுவார். "இல்லைன்னு வந்தா பதிவாபீஸ்ல இல்லைன்னுதான் அர்த்தம். ஊர்ல இல்லைன்னு யார் சொன்னது?" என்பார்.

அவர் சொன்னதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, மூலப்பத்திரத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியிடம் ஒப்படைத்தாலே அது அடமானம். தமிழ்நாட்டில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் இப்படி ஒப்படைப்பதற்கான ஆவணத்தைப் பதிவு செய்வது கட்டாயமானது. அதற்கு முந்தைய அடமானம் வில்லங்கச் சான்றில் தெரியாமலே கிடக்கலாம். அதனால்தான் நைனா, வந்தவரிடம் முதலில் கேட்பது, "ஜெராக்ஸ் வேணாம், அசல காட்டு" என்பதாக இருக்கும். அசல் வீட்டில் இல்லை என்றால் அது எங்கோ ஒரு பெட்டகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

கம்பெனிக்கும் வில்லங்கம் உண்டு. கம்பெனி தன் நிலத்தையோ இயந்திரத்தையோ சரக்கையோ ஈடு வைத்துக் கடன் வாங்கினால், 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் அதைப் பதிய வேண்டும். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடனை அடைத்த பிறகு அந்தப் பதிவை நீக்க மறந்துவிடுகிறார்கள். அடைத்துப் பல வருடமான கடன் பதிவேட்டில் உயிரோடு இருக்கும். கடன் கொடுத்த வங்கியோ அதற்குள் இன்னொரு வங்கிக்குள் போயிருக்கும். 2020 ஏப்ரல் 1 அன்று ஒரே நாளில் ஆறு பொதுத்துறை வங்கிகள் நான்கு வங்கிகளுக்குள் கரைந்தன. சிண்டிகேட் கனராவுக்குப் போனது, அலகாபாத் இந்தியன் வங்கிக்குப் போனது, ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியனுக்குப் போயின. கடன் பாக்கி இல்லை என்று ஒரு கடிதம் வாங்க, வேறு ஒரு வங்கியின் பழைய கிளையைத் தேடி நான் ஐந்து வாரம் அலைந்திருக்கிறேன். அந்தக் கடிதம் வராமல் அடுத்த வங்கி ஒரு ரூபாய் விடுவிக்காது.

எங்கள் அலுவலகத்தில் கடன் ஆவணம் பார்க்கிறவர்கள் ஒரு வரிசையிலும், வாங்கல் விற்பனை பார்க்கிறவர்கள் அடுத்த வரிசையிலும் உட்கார்ந்திருப்போம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும். ஆனால் கேள்வி வேறு. கடன் கொடுப்பவர், 'இந்தக் கம்பெனி விழுந்தால் எனக்கு என்ன மிஞ்சும்?' என்று கேட்கிறார். வாங்குபவர், 'இதை வாங்கினால் என் தலையில் என்னவெல்லாம் சேர்ந்து வரும்?' என்று கேட்கிறார். இந்த இரண்டு கேள்வியும் ஒரே இடத்தில் வந்து நின்ற ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு. பாலாற்றுப் பக்கம் ஒரு ஷூ அப்பர் தொழிற்சாலை, அதாவது காலணியின் மேல்பாகத்தைத் தைத்து ஏற்றுமதி செய்யும் இடம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது எனக்கு ஆயுள் முழுக்கக் கடமை. வெளியூர் கம்பெனி ஒன்று அதன் பங்குகள் மொத்தத்தையும் வாங்க வந்தது. நாங்கள் வாங்குபவர் பக்கம்.

பங்கை வாங்குவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத்தையும் இயந்திரத்தையும் மட்டும் வாங்கினால் பழைய கம்பெனி தன் பாவ புண்ணியத்தோடு தனியே நிற்கும். பங்கை வாங்கினால் கம்பெனி அப்படியே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். அதன் கடன், வழக்கு, வரி நிலுவை, கழிவுநீர், தொழிலாளருக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் கூடவே வரும்.

கழிவுநீர் என்று சொன்னதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சொன்ன தீர்ப்பை, இந்தியாவில் சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் படித்தாக வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம்தான் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது அதில்தான். தோல் தொழிற்சாலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தீர்ப்பில் எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். இன்று அதே மண் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக, இதே இழப்பீட்டுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது ஒரு மேற்கோள். எனக்கு அது ஆயா (பாட்டி) வீட்டுக் கிணறு. இறைத்து வைத்த தண்ணீர் ராத்திரிக்குள் பாத்திரத்தில் மஞ்சளாகப் படியும்.

அந்தத் தொழிற்சாலையில் தோல் பதனிடுவது இல்லை, வெட்டித் தைப்பது மட்டும்தான். ஆகவே வாங்குபவருக்கு நாங்கள் எழுதும் ஆய்வறிக்கையில் கழிவுநீர்ப் பகுதி இரண்டு பக்கத்தில் முடிந்தது. தொழிலாளர் பகுதி யாருக்கு என்று பிரித்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் விடுகிற பகுதி அது. பத்துப் பேரின் கோப்புகளை மாதிரிக்குப் பார்த்து எழுதிவிடலாம் என்பது வழக்கம். ஆனால் அது எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை. காலை இருட்டிலேயே கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பையோடு நிற்கிற பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

விற்பவர் தன் ஆவணங்களைப் போட்டு வைக்கும் டேட்டா ரூமில் ஒரு எக்செல் கோப்பு வந்தது. பெயர், வயது, பிரிவு, பணியில் சேர்ந்த தேதி, சம்பளம். கட்டிங், ஸ்கைவிங், ஸ்டிச்சிங், டேபிள் வேலை, பேக்கிங் என்று பிரிவுகள். மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சேர்ந்த தேதி வரிசையில் பழையதை மேலே கொண்டு வந்து பார்த்தபோதுதான் உறைத்தது. இருபது வருடத்துக்கு மேல் ஓடுகிற தொழிற்சாலை. ஸ்டிச்சிங் லைனில் நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண்கள், உயர்ந்த கிரேடு தையல்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட நாலரை வருடத்துக்கு முன்னால் சேரவில்லை என்றது அந்தப் பட்டியல்.

பெரியம்மா மகள், எங்கள் அக்கா, வேறொரு ஷூ கம்பெனியில் டேபிள் வேலை செய்கிறாள். தோலை மடித்து ஒட்டுவது, நூலை வெட்டுவது. சொல்யூஷன் காய்ந்து காய்ந்து அவள் வலது கட்டை விரல் நுனியில் கோடே தெரியாது, அரசாங்க ஆபீஸில் கைரேகை மெஷின் அந்த விரலை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வைகாசி முதல் தேதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தபோது, கூழ் ஊற்றிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "நாலரை வருசம் ஆனா கணக்க முடிச்சிடுவாங்க கண்ணு. பத்து நாள் வூட்ல இருந்துட்டுத் திரும்பப் போணும். புது நம்பரு குடுப்பாங்க. எல்லாருக்கும் அப்டித்தான்." அன்றைக்குக் காதில் வாங்கினேனே தவிர மனத்தில் வாங்கவில்லை. எக்செல் கோப்பைப் பார்த்த ராத்திரி அந்தக் குரல் அப்படியே திரும்பி வந்தது.

நாலரை வருடத்தில் என்ன இருக்கிறது? அப்போது இருந்த 1972ஆம் வருட பணிக்கொடைச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு வேலையை விடும்போது கிராஜுவிட்டி உண்டு. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்க வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதாவது நாலு வருடம் எட்டு மாதம் தாண்டினால் உரிமை கேட்க வழி உண்டு. அதற்கு முன்னாலேயே பெயரை எடுத்துவிட்டால் எதுவுமே தர வேண்டாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

சந்தேகம் மட்டும் போதாது, அசல் வேண்டும். பி.எஃப். கட்டிய மாதாந்தரக் கணக்குகளை, கிடைத்த வருடம் வரைக்கும் கேட்டு வாங்கினேன். கம்பெனி பணியாளர் எண்ணை மாற்றலாம். 2014இல் வந்த யு.ஏ.என். எண் ஆளோடு போகிற எண், மாறாது. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் அந்த எண்ணை வைத்துப் பொருத்தினேன். இரண்டு ராத்திரி ஆனது. ஒரே பெண், ஒரே யு.ஏ.என்., மூன்று பணியாளர் எண். நடுவில் எட்டு நாள், பன்னிரண்டு நாள் இடைவெளி. அடுத்த பெயர், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

விற்பவர் தரப்பு, அவர்களாகவே விலகினார்கள் என்று சொல்லி ராஜினாமாக் கடிதங்களை அனுப்பியது. ஸ்கேன் செய்த கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில், கணினியில் அடித்தவை. குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகுவதாக எல்லாக் கடிதத்திலும் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. கீழே கையெழுத்து மட்டும் தமிழில். எழுத்துக் கூட்டிப் பழகியவர்களின் பெரிய பெரிய எழுத்து, கோட்டுக்கு மேலும் கீழுமாக. ஒரு கடிதத்தில் தவறுதலாக இனிஷியலை விட்டுவிட்டு, பிறகு முன்னால் இடுக்கிச் சேர்த்திருந்தார் ஒரு அம்மா. அந்தக் கையெழுத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விலகுவதாக எழுதியிருக்கும் மொழி அவருக்குத் தெரியாது.

மறுநாள் பார்ட்னர் அறையில் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வரும்?" கணக்கு போட்டு வைத்திருந்தேன். கோடிகளில் வந்தது. சட்ட நிலையையும் சொன்னேன். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றிருந்தால் அது தொடர்ச்சியை முறிக்காது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இந்தப் பெண்கள் கேட்டால் இந்த இடைவெளிகள் நிற்காது.

"அப்ப விலையில கழிச்சிடலாம்" என்றார் வாங்குபவரின் நிதி அதிகாரி. வழக்கமாகச் செய்வது அதுதான், சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. நான் தடுமாறியது அங்கேதான். விலையில் கழித்தால் அந்தப் பணம் வாங்குபவர் பையில் இருக்கும். சேர்ந்த தேதி மாறாமல் அப்படியே இருக்கும். யாராவது ஒரு பெண் வழக்கு போட்டால் அவருக்கு மட்டும் கிடைக்கும், மற்றவர்கள் பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வந்துகொண்டிருப்பார்கள்.

நான் அந்தப் பெண்களின் வக்கீல் இல்லை. வாங்குபவர் எனக்குக் கட்டணம் கொடுக்கிறார், அவர் நலனைத்தான் நான் பேச வேண்டும், பேசினேன். பங்கை வாங்கினால் இந்தக் கடன் எந்த ஒப்பந்தம் எழுதினாலும் கம்பெனியை விட்டுப் போகாது. விற்றவர் ஈடுகட்டுவதாகக் கொடுக்கும் உறுதிமொழி சில வருடத்தில் காலாவதியாகும், தையல் லைனில் இருக்கிறவர்களோ இருபது வருடம் இருப்பார்கள். வெளிநாட்டு பிராண்டுகள் தணிக்கைக்கு வந்து பழைய பி.எஃப். கணக்கைப் புரட்டினால் ஆர்டரே போகும். ஆகவே விற்பனை முடிவதற்கு முன்னால் பதிவேட்டில் எல்லோருக்கும் உண்மையான சேர்ந்த தேதியைப் போட வேண்டும், அதற்கான கிராஜுவிட்டித் தொகையை விற்பவர் பணத்திலிருந்து தனி நிதியில் கட்ட வேண்டும், இரண்டையும் நிபந்தனையாக வைக்கலாம் என்றேன்.

எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து கை கொடுத்தது அடுத்த வரிசைதான். பழைய கடனை அடைத்து நடைமுறை மூலதனக் கடனை எடுத்துக்கொள்ள வந்த வங்கிக்கு எங்கள் கடன் பிரிவு ஆலோசனை சொல்லவில்லை, வேறு நிறுவனம் சொன்னது. ஆனால் வாங்குபவருக்காக அந்தக் கடன் ஒப்பந்தத்தைப் பேசிய என் சக வக்கீல் ஒரு விஷயத்தை எடுத்துப் போட்டார். 2016இன் திவால் சட்டப்படி கம்பெனி கலைக்கப்பட்டால், தொழிலாளரின் பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகளில் இருந்து சேர வேண்டிய தொகை, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் கலைப்புச் சொத்திலேயே சேராது. அதற்கு மேல், கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்ற வங்கிக்குச் சமமாக வரிசையில் நிற்கும். "இவ்வளவு பெரிய தொகை கணக்கில் இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்தால் வங்கி எப்படியும் கேட்கும். நாமே தீர்த்துவிட்டுப் போகலாம்" என்றார். நிதி அதிகாரி அதற்குப் பிறகு மறுக்கவில்லை.

மூன்று வரைவு ஆனது. விற்பவர் தரப்பு 'சேர்ந்த தேதி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கம்பெனியின் பதிவுகளின்படி' என்று ஒரு துணுக்கைச் சேர்த்து அனுப்பியது. கம்பெனியின் பதிவுதானே பொய்? அதை அடித்து 'பி.எஃப். அமைப்பின் பதிவுகளின்படி முதல் சந்தா மாதம்' என்று மாற்றி அனுப்பினேன். திரும்ப வந்தது. திரும்ப அடித்தேன். நைனா செக்குபந்தியில் 'சுமார்' என்ற சொல்லை எழுதவே விட மாட்டார், "சுமாருன்னு எழுதனா ரெண்டு தலைமொறைக்கு சண்ட" என்பார். எனக்கு அன்று அதே பிடிவாதம்.

முடிக்கும் நாள் எந்தப் படாடோபமும் இல்லாமல் போனது. ராத்திரி எட்டு மணி வரை ஒரு கூட்டு அழைப்பு, பட்டியலில் ஒவ்வொரு வரியாக 'முடிந்தது' என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். இருபத்தேழாவது வரி வந்தது: பணியாளர் பதிவேடு, தேதித் திருத்தம். "முடிந்தது" என்றார் எதிர்த் தரப்பு வக்கீல். என் குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது, அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டேன்.

அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. ஆனால் சட்டம் எல்லோருக்கும் பொது, அதைச் சொல்ல யாரும் தடுக்க முடியாது.

இந்த வைகாசிக்கு ஊருக்கு வந்தபோது, சிரசு ஊர்வலம் போய்த் தெரு அடங்கிய பிறகு, அக்காவை உட்கார வைத்து அவள் போனில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தோம். நான் நினைத்தது போலவே மூன்று உறுப்பினர் எண். முதலாவது 2015 ஜூன் முதல் 2020 ஜனவரி வரை. இரண்டாவது 2020 பிப்ரவரி முதல் 2024 செப்டம்பர் வரை. மூன்றாவது 2024 அக்டோபரிலிருந்து. அவளுக்குப் பதினோரு வருடம், கம்பெனிக் கணக்கில் ஒன்றரை வருடம் சொச்சம். அவள் சம்பளம் 11,700 என்று வைத்துப் போட்டோம். 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 450. பதினைந்து நாளைக்கு 6,750. பதினோரு வருடத்துக்கு 74,250.

"இது நெசமா எனக்கு வரவேண்டியதா?" என்றாள்.

2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வைத்தால்கூட இனி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி கணக்காகும். அலவன்ஸ் என்று பிரித்துக் கொடுக்கும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளமாகவே சேரும். இதையும் சொன்னேன். இப்போதே போய் யாரிடமும் சண்டை போட வேண்டாம், வேலையை விடும்போது கேட்கும் உரிமை இது, அதுவரை காகிதத்தைப் பத்திரமாக வை என்றேன். பி.எஃப். பாஸ்புக், சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. கார்டு. அந்த இ.எஸ்.ஐ. எண்ணும் மாறியிருக்காது.

நைனா திண்ணையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து உள்ளே வந்து, "போன்ல கீறதெல்லாம் செரி. அசலு எங்க?" என்றார்.

அக்கா வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். ரேஷன் கார்டு, பிள்ளைகள் மார்க் ஷீட், கேஸ் புத்தகம் எல்லாம் அதில்தான். அடியிலிருந்து மூன்று அடையாள அட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள். மூன்றிலும் அதே கம்பெனிப் பெயர், அதே டேபிள் பிரிவு, மூன்று வேறு வேறு எண்கள். முதல் படத்தில் கன்னம் உப்பி, பெரிய பொட்டு வைத்துச் சிரிக்கிறாள். மூன்றாவதில் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

நைனா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூன்று அட்டையிலும் இருந்த தேதியைச் சத்தமாகப் படித்துப் படித்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்திரம் எழுதுகிற கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார்.